கடைக்காரரின் குதிகால் வலியும் அதிர்வலைச் சிகிச்சையும்

காலையில் கடை திறந்தால் இரவு ஷட்டரை இறக்கும் வரை நின்றுகொண்டே இருப்பது நம் மளிகைக் கடைக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்ட் தரையில் நிற்கிறோம். பொட்டலம் கட்டுகிறோம். மேல்தட்டில் இருக்கும் டின்னை எட்டி எடுக்கிறோம். ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டையைப் புரட்டுகிறோம்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் பக்தர்கள் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதி அம்பாளின் கால் வலியைத் தாங்களும் ஏற்றுக்கொள்வதாக நம்பிக்கை. அந்தத் திருவிழாக் கூட்டத்துக்கு ஈடுகொடுத்துக் கடையில் நிற்பவரின் கால் வலியை ஏற்றுக்கொள்ள யாரும் வரப்போவதில்லை. அதை நாமேதான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அண்மைக் காலமாக நகரங்களின் பிசியோதெரபி மையங்களில் "ஷாக்வேவ் தெரபி" என்ற பெயர் அடிபடுகிறது. தமிழில் அதிர்வலைச் சிகிச்சை எனலாம். "ஷாக்" என்றதும் கரண்ட் வைப்பார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. வலி உள்ள இடத்தில் ஜெல் தடவி, கையடக்கக் கருவி ஒன்றை அழுத்தி வைத்து, ஒலி அலை போன்ற அழுத்தத் துடிப்புகளை உள்ளே செலுத்துகிறார்கள். அவ்வளவுதான்.

சிறுநீரகக் கல்லில் தொடங்கிய கதை

ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம், அதிவேக விமானத்தின் மீது மழைத்துளி மோதும்போது உண்டாகும் அதிர்வலைகளை ஆராய்ந்து வந்தது. அந்த ஆராய்ச்சியே மருத்துவத்துக்கு வழிவிட்டது. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில், கத்தி வைக்காமல் அதிர்வலையால் சிறுநீரகக் கல்லை உடைக்கும் சிகிச்சை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது. பின்னர் எலும்பு, தசைநார் நோய்களுக்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நாட்பட்ட குதிகால் வலிக்கு 2000-ஆம் ஆண்டிலும், முழங்கை வலிக்கு 2003-ஆம் ஆண்டிலும் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இத்தகைய கருவிகளுக்கு அனுமதி தந்தது.

கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அலையை ஆழத்தில் ஒரே புள்ளியில் குவிப்பது. மற்றொன்று, அழுத்தப்பட்ட காற்றால் கருவிக்குள் ஒரு சிறு குண்டை மோதவிட்டு, அதிர்வை மேலிருந்து பரவச் செய்வது. வழக்கமாக வாரத்துக்கு ஒரு முறை வீதம் மூன்று முதல் ஐந்து முறை செய்வார்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே ஆகும். மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. அன்றே கடைக்குத் திரும்பலாம். செய்யும்போது வலிக்கும். பிறகு இரண்டொரு நாள் அந்த இடம் சிவந்தோ கன்றியோ இருக்கலாம்.

எதற்கு உதவும்? எதற்கு உதவாது?

காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தியது போல் வலிக்கிறதா? குதிகாலிலிருந்து விரல்வரை போகும் தசைநார்ப் பட்டை நொந்துபோனதன் அடையாளம் அது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் ஆறாத இந்த வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை பலருக்குப் பயன் தருகிறது. கெண்டைக்காலின் கீழுள்ள குதிநாண் வலி, தோள் தசைநாரில் சுண்ணாம்பு படிந்த வலி ஆகியவற்றுக்கும் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் இது சர்வரோக நிவாரணி அல்ல. உலக அளவில் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, முழங்கை வலிக்கு இதனால் பலன் மிகக் குறைவு அல்லது இல்லை என்று 2005-இல் தெரிவித்தது. தோள் தசைநார் வலியிலும் குறிப்பிடத்தக்க நன்மை பெரிதாக இல்லை என்று 2020-இல் கூறியது. தேய்ந்துபோன முழங்கால் மூட்டின் குருத்தெலும்பை எந்த அதிர்வலையும் வளர்த்துத் தராது. எனவே "எல்லா வலிக்கும் ஒரே மருந்து" என்று யாராவது சொன்னால், கலப்படச் சரக்கைப் பார்ப்பது போல் பாருங்கள்.

யாருக்குக் கூடாது?

கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது. சிகிச்சை செய்யும் இடத்தில் கட்டியோ கிருமித் தொற்றோ இருந்தாலும் கூடாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், அண்மையில் அதே இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று முக்கியம். இடது தோள் அல்லது கை வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அதை மூட்டை தூக்கிய வலி என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது போன்றவையும் அவசர அறிகுறிகளே.

பணம் கட்டும் முன்

கொள்முதலுக்கு முன் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்காத வியாபாரி உண்டா? இங்கேயும் அதே கணக்குத்தான். முதலில் எலும்பு மருத்துவரைப் பார்த்து, வலி எதனால் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலும் இதைக் கேட்டறியலாம். பிறகு சிகிச்சை மையத்தில் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த வகைக் கருவி? மொத்தம் எத்தனை முறை? எல்லாம் சேர்த்து எவ்வளவு? இரண்டு முறைக்குப் பின் குணம் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? பத்து முறைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் யோசியுங்கள்.

குதிகால் வலியில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் எளிய வழிகளாலேயே ஆறிவிடும். காலையில் எழுமுன் கால்விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பத்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை செய்யுங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலையும் நீட்டி இழுங்கள். கடைக்குள் மெத்தென்ற செருப்பு அணியுங்கள். கல்லாவுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். உடல் எடையைக் குறையுங்கள்.

சிப்பந்திகளுக்கும் கால்கள் உண்டு

நமக்கு வலிப்பது போலத்தான் கடைச் சிப்பந்திக்கும் வலிக்கும். கேரளத்தில் 2018-இல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரச் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுவதில் முதல் ஒன்றும் கரைந்துவிடாது. வாடிக்கையாளர் வந்ததும் அவர் எழுந்து நிற்கத்தான் போகிறார்.

மூட்டை விஷயமும் அப்படியே. ஒருவர் தனியாகச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. ஐம்பது கிலோ மூட்டை அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. கிடங்கில் ஒரு தள்ளுவண்டி, தூக்க இரண்டு ஆள், கனமான சரக்கை இடுப்பு உயரத் தட்டில் அடுக்குவது ஆகிய மூன்றும் இருந்தால் பல முதுகுகள் தப்பும்.

வலிக்குக் காரணமான நிற்பும் சுமையும் கடையில் அப்படியே இருக்க, சிகிச்சைக்கு மட்டும் செலவழிப்பது ஓட்டைச் சாக்கில் அரிசி கொட்டுவது போலாகும். முதலில் சாக்கைத் தைப்போம். அதன் பிறகும் வலி நீடித்தால், விவரம் தெரிந்து அதிர்வலைச் சிகிச்சையை நாடுவோம்.