சித்த மருத்துவத்திற் சீவப் பொருள்கள்

மூலிகை, தாது, சீவம் என மூன்று வகையாக மருந்துச் சரக்குகளைப் பகுத்தனர் நம் முன்னோர். யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் எனும் வைத்திய நூல்கள் ஈழத்தமிழர் இத்துறையிற் பெற்றிருந்த தேர்ச்சிக்குச் சான்றாவன. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர், கைக்குழந்தைக்குக் கஸ்தூரி, கோரோசனை மாத்திரைகளைத் தேனில் உரைத்துக் கொடுக்கும் வழக்கத்தை இன்னும் முற்றாகக் கைவிட்டிலர். புறக்கோட்டையிலுள்ள கபோஸ் லேனுக்குச் சென்று சரக்கு வாங்குவோரும் உளர். ஆதலின், மூன்றனுள் ஒன்றாகிய சீவ வகுப்பைப் பற்றிச் சிறிது ஆராய்தல் பயனுடைத்து.

சீவப் பொருள்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. உயிருக்கு ஊறு செய்யாது பெறப்படுவன ஒரு வகை. பால், நெய், தேன், மயில் தானே உதிர்க்கும் இறகு என்பன இவ்வகையின. மூலிகையிலுள்ள கொழுப்பிற் கரையும் சத்துக்களை நெய் ஈர்த்துக்கொள்ளும். மருந்துக்கு அனுபானமாகும் தேன், நீரை உறிஞ்சும் இயல்பினாற் புண்ணிற் கிருமி பெருகாது தடுக்கும். மயிலிறகைச் சுட்டெடுத்த சாம்பலை விக்கலுக்கும் வாந்திக்கும் தேனிற் குழைத்துக் கொடுப்பர். ஆயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு விளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதை இன்றைய மருத்துவம் ஐயமறக் கண்டுள்ளது.

சங்கு, முத்துச்சிப்பி, முட்டையோடு என்பன இரண்டாம் வகை. இவையெல்லாம் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே. சங்கைச் சுத்தி செய்து, சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் இட்டு மூடிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடமிட்டால் வெண்ணிறமான சங்கு பற்பம் கிடைக்கும். வெப்பத்தினாற் கரியமிலவாயு நீங்க, எஞ்சுவது காரத்தன்மையுடைய நுண்பொடியாகும். குன்மத்துக்கும் நெஞ்செரிவுக்கும் இதனைக் கொடுத்ததன் காரணம் இதனால் விளங்கும். இரைப்பையில் மிகுந்த அமிலத்தை இக்காரம் தணிக்கின்றது.

அட்டை விடுதலும் இங்கே குறிப்பிடத்தக்கது. நஞ்சுடையன ஆறு, நஞ்சில்லாதன ஆறு என அட்டைகளைப் பகுத்துரைக்கும் சுசுருத சங்கிதை. அட்டையின் வாயிற் குருதியை உறையவிடாத பொருளொன்று உண்டென்பதை 1884 ஆம் ஆண்டில் ஹேகிராப்ட் என்பார் கண்டறிந்தார். துண்டிக்கப்பட்ட விரலைப் பொருத்தும் நுண்சத்திர சிகிச்சையிற் தேங்கிய குருதியை வடிப்பதற்கு இன்றும் அட்டை பயன்படுகின்றது. 2004 இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இதற்கு இசைவளித்தது.

மூன்றாம் வகையே நம் சிந்தனைக்குரியது. அது உயிரைக் கொன்று பெறுவது. இமயமலைச் சாரலில் வாழும் கஸ்தூரிமானின் ஆணிடத்து மட்டும் உள்ள பையிலிருந்து பெறுவது ஏறத்தாழ 25 கிராம் கஸ்தூரியே. ஒரு கிலோவுக்கு 40 ஆண்மான்கள் வேண்டும். கண்ணியோ ஆண், பெண், குட்டி என்று பார்ப்பதில்லை. நம் நாட்டுத் தேவாங்கு கண்ணோய்க்கு மருந்தென்று கருதப்பட்டுக் கொல்லப்பட்டது. அழுங்கின் செதிலை மருந்தென்று நாடுவோர் அயல்நாடுகளிற் பலர். அச்செதிலோ நம் நகத்தில் உள்ள கெரற்றின் என்னும் பொருளேயன்றிப் பிறிதன்று.

இலங்கையின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937 ஆம் ஆண்டினது. தேவாங்கும் அழுங்கும் அதன் காவலில் உள்ளன. அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச சமவாயத்தில் நம் நாடு 1979 இற் சேர்ந்தது. இமயத்துக் கஸ்தூரிமானின் வணிகம் அதனால் விலக்கப்பட்டது. அழுங்கின் எல்லா இனங்களும் 2017 தொடக்கம் அவ்விலக்கினுள் அடங்கின. எனவே இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் கஸ்தூரி, முறைப்படி வந்த இயற்கைச் சரக்காயிருத்தல் அரிது. அரிய பொருளில் எல்லாம் போலி புகும். மாட்டின் பித்தக்கல்லாகிய கோரோசனைக்கும் அக்குறை உண்டு. போலியை உண்ணப்போவது பச்சிளங் குழந்தை என்பதை நாம் மறத்தலாகாது.

இவற்றை விடுத்தால் நம் மருத்துவம் குன்றுமோ எனின், குன்றாது. மேனாட்டு மருத்துவமும் விலங்குகளை நம்பியே வளர்ந்தது. 1921 இல் ரொறன்ரோவிற் கண்டறியப்பட்ட இன்சுலின், நெடுங்காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. 1982 இல் நுண்ணுயிரைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. மூலம் மாறியது, மருந்து நிலைத்தது. கஸ்தூரியின் மணத்துக்குக் காரணமான மஸ்கோனின் அமைப்பை 1926 இல் ருசிக்கா வெளியிட்ட பின்னர், அது ஆய்கூடத்திலேயே ஆக்கப்படுகின்றது. நம் மரபிலும் இதற்கு இடமுண்டு. கிடையாத சரக்குக்கு ஈடாகப் பிறிதொன்றைக் கொள்ளும் முறையைப் பதினாறாம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் வகுத்துள்ளது. கஸ்தூரிக்கு ஈடாகக் கஸ்தூரி வெண்டையின் வித்தைக் கொள்வாரும் உளர்.

ஆயினும் மணம் ஒத்தல் ஒன்று; குணம் ஒத்தல் வேறொன்று. ஈட்டுச் சரக்கு நோயைத் தீர்க்குமா என்பதைச் சோதித்தே துணிதல் வேண்டும். பொரளையில் 1929 இல் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியும், 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும், 1984 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உருவான சித்த மருத்துவத் துறையும் இவ்வாராய்ச்சிக்கு வழி வகுத்துள்ளன. இரசாயனமும் உயிரியலும் பயிலும் நம் கல்லூரி மாணவர், பழைய ஏடுகளையும் ஒருங்கே கற்பாராயின் இப்பணிக்கு உரியவராவர். கொல்லாமையைப் போற்றும் சமயத்திற் பிறந்தோர்க்கு இதனினும் ஏற்ற ஆராய்ச்சி யாதுளது?