முள் காட்டிய வேகம்

1947-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி, தென் அமெரிக்காவிலுள்ள பியூனஸ் அயர்ஸ் நகரிலிருந்து 'ஸ்டார் டஸ்ட்' என்னும் ஆங்கிலேய விமானம் 11 பேருடன் ஸாண்டியாகோ நகருக்குப் புறப்பட்டது. வழியில் ஆண்டீஸ் மலைத் தொடர் குறுக்கே நின்றது. மலையை மேகம் மூடியிருந்தது. மாலை 5-41க்கு, இன்னும் 4 நிமிஷத்தில் வந்து சேருவோம் என்று விமானத்திலிருந்து கம்பியில்லாத் தந்தி வந்தது. விமானம் வரவேயில்லை.

கீழே ஒன்றும் தெரியாத மேகத்தினூடே செல்லும் விமானி, அக்காலத்தில் எதை நம்பினார்? திசைகாட்டி, கடிகாரம், வேகமானி இம்மூன்றையுமே முக்கியமாக நம்பினார். இத்தனை வேகத்தில் இத்தனை நேரம் சென்றோம், ஆகையால் இத்தனை தூரம் வந்திருப்போம் என்பது கணக்கு. வேகத்தில் மணிக்கு 10 மைல் பிழை இருந்தால், 3 மணி நேரத்தில் அது 30 மைலாக வளர்ந்துவிடும்.

வேகமானியின் சூட்சுமம் எளியது. விமானத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழாயில் எதிர்க்காற்று மோதுகிறது. மோதும் அழுத்தத்தை முள் வேகமாகக் காட்டுகிறது. 1732-இல் பிரெஞ்சு இன்ஜினீயர் பிட்டோ, ஸேன் நதியின் ஓட்டத்தை அளக்கக் கையாண்ட உபாயமே இது. ஆனால் உயரே செல்லச் செல்லக் காற்று லேசாகிறது, அழுத்தமும் குறைகிறது. ஆகவே 24,000 அடி உயரத்தில் முள் 200 மைல் என்று காட்டினால், விமானம் காற்றினூடே செல்லும் உண்மை வேகம் ஏறக்குறைய 290 மைலாகும். குழாயைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டாலோ, முள்ளை நம்பவே முடியாது.

இப்பிழைகளையெல்லாம் திருத்திய பிறகும் ஒன்று மிஞ்சும். அந்த வேகம் காற்றைக் கடக்கும் வேகமேயன்றிப் பூமியைக் கடக்கும் வேகமன்று. வெள்ளத்தில் எதிர்நீச்சல் போடுகிறவன் எவ்வளவு விரைவாகக் கைவீசினாலும், கரையிலுள்ள மரம் மெதுவாகத்தானே பின்செல்கிறது!

ஸ்டார் டஸ்ட் விமானத்துக்கும் இக்கதியே நேர்ந்திருக்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் மேற்கேயிருந்து பெருங்காற்று எதிர்த்து வீசியது. மேகத்துக்கு மேலே பறந்தவர்களுக்கு அதை அறிய வழியில்லை. மலையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணி இறங்கினார்கள். மலையோ இன்னும் எதிரே இருந்தது. துப்புங்காத்தோ சிகரத்தின் பனியில் மோதிப் புதைந்த விமானத்தின் சிதைவுகள், 1998-இல்தான் மலையேறிகளின் கண்ணில் பட்டன.

இன்று பூமியைக் கடக்கும் வேகத்தைச் செயற்கைக் கோள்களின் உதவியால் விமானி உடனே அறிகிறார். இந்த வசதி இல்லாத காலத்தில், தவறில்லாத ஒரு முள்ளை நம்பி 11 பேர் உயிர் நீத்தார்கள்.