வீட்டிலிருந்தே ஆய்வு: காசு யார் கையிலிருந்து யார் கைக்கு?

"மகள் உயிரியல் படித்தவள், கொம்பியூட்டரும் தெரியும். வீட்டிலிருந்தே மூன்று மாத ஆய்வுப் பயிற்சி தருவதாக இன்டர்நெட்டில் விளம்பரம் வந்திருக்கிறது. 25,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?" என்று அண்மையில் ஒரு புடவை வியாபாரி என்னிடம் கேட்டார். வேறு சில பெற்றோரும் இதையே கேட்டிருப்பதால் இவ்வாரம் இதுபற்றி எழுதுகிறேன்.

வீட்டில் இருந்துகொண்டு உயிரியல் ஆய்வா என்று சந்தேகிப்பது இயல்பு. ஆனால் கணினி உயிரியலில் இது நடக்கக்கூடிய காரியம்தான். நமது உடற்கலங்களில் உள்ள டி.என்.ஏ.யை, நான்கே நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதனின் பேரேட்டில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உண்டு. கொரோனா வைரசுக்குச் சுமார் 30,000 மட்டுமே. 2020 ஜனவரியில் சீன விஞ்ஞானிகள் அதனை வெளியிட்டதும், பல நாடுகளிலும் அதை வைத்தே பரிசோதனை முறைகளையும் தடுப்பூசிகளையும் வடிவமைக்கத் தொடங்கினார்கள். இத்தகைய பேரேடுகள் பெருமளவில் பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை வாசித்து ஒப்புநோக்க மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளை எழுதும் வேலையை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம்.

இதற்குக் காசு கொடுக்கும் திட்டமொன்றைச் சொல்கிறேன். 'கூகுள் சமர் ஒஃப் கோட்' என்று பெயர். 2005இல் ஆரம்பமானது. பல துறைகளின் திறந்த மென்பொருள் அமைப்புகள் இதில் சேர்கின்றன. உயிரியல் மென்பொருள்களை வளர்க்கும் 'ஓப்பன் பயோஇன்ஃபோமெட்டிக்ஸ் பவுண்டேஷன்' 2010இல் சேர்ந்தது. நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் இத்திட்டத்துக்கு உலகிலேயே அதிகமான மாணவர்களை அனுப்பிய இடம். 2022 முதல் மாணவராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 18 வயது நிறைந்த, இத்துறைக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்.

கொடுக்கல் வாங்கலைக் கவனியுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஆனால், என்ன செய்யப்போகிறேன், எத்தனை வாரத்தில் எதை முடிப்பேன் என்று பிள்ளையே திட்டம் எழுதிக் கொடுக்கவேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் கழிந்துவிடுகிறார்கள். எடுபட்டால் அனுபவசாலி ஒருவர் வழிகாட்டுவார். இடையில் வேலையைப் பார்த்துத் திருப்தியென்றால் 45 வீதம், முடிவில் மீதி 55 வீதம். வேலை சரியில்லாவிட்டால் காசு இல்லை. தொகை நாட்டுக்கு நாடு வேறுபடும். அந்தந்த நாட்டு வாழ்க்கைச் செலவைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளைக்குக் கிடைப்பது நமது பிள்ளைக்குக் கிடைக்காது. அது எனக்குப் பூரண சம்மதமில்லை, என்றாலும் டொலரில் வருகிறது.

செய்த வேலை எவரும் இலவசமாகப் பாவிக்கும்படி வெளியிடப்படும். "பிறகு நமக்கு என்ன மிஞ்சும்?" என்று வியாபாரி கேட்பார். அந்த மென்பொருளின் பதிவேட்டில் இன்ன பகுதியை எழுதியவர் இவர் என்று பெயர் நிற்கும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பேராசிரியர் அதைத் திறந்து பார்க்கலாம். வழிகாட்டியவரும் சிபாரிசுக் கடிதம் தரக்கூடும்.

இனி அந்த 25,000 ரூபா விடயம். காசு வாங்கிக்கொண்டு கற்பிப்பது குற்றமல்ல, ஆனால் அது வகுப்பு. வகுப்பென்றால் கற்பிப்பவர் யார், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே என்று விசாரித்துக் கட்டுங்கள். ஆய்வு உதவி என்று பெயர்போட்டு, பிள்ளையின் வேலையை எவரும் பரிசோதிக்காமல், கட்டிய எல்லோருக்கும் சான்றிதழ் கொடுப்பதாயின் நான் கட்டமாட்டேன். புடவை வியாபாரியிடமும் அதையே சொன்னேன்.

கூகுள் திட்டத்துக்கு வழமையாக மார்ச் மாதமளவில் விண்ணப்பம் ஏற்கிறார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னரே பிள்ளை ஒரு மென்பொருளைத் தெரிவுசெய்து, அதிலுள்ள சிறு பிழைகளைத் திருத்திக் கொடுத்துப் பழகினால், தெரிவுசெய்பவர்களுக்கு ஏற்கனவே அறிமுகமான பெயராக இருக்கும்.