பழைய பிக்கப் வண்டியில் டீசல் ஓட்டக் கோளாறுகளும் பரிகாரங்களும்

விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு போகும் வேலையில் மாட்டு வண்டியின் ஸ்தானத்தைப் பிக்கப் வண்டி பெரும்பாலும் அடைந்துவிட்டது. புது வண்டி வாங்க வசதியில்லாத விவசாயிகள் பலர், பல வருஷம் ஓடிய டீசல் வண்டியைக் கொண்டே காரியத்தை நடத்தி வருகின்றனர். தக்காளி ஏற்றிய வண்டி நடுவழியில் நின்றுவிடுமாயின் அன்றைய விலை கைநழுவுவதோடு சரக்கும் அழுகும். இத்தகைய தருணத்தில் பெரிய டீசல் பம்பே கெட்டுவிட்டதெனக் கருதி அதைக் கழற்றிவிடுவது வழக்கமாயிருக்கிறது. இது வீண் செலவாக முடிவதே அதிகம். டாங்கியில் தொடங்கி வரிசையாகச் சோதித்து, பெரிய பம்பைக் கடைசியாகப் பார்ப்பதே சரியான முறையாகும்.

டீசல் செல்லும் வழி

டாங்கியிலிருந்து சிறிய பம்ப் டீசலை உறிஞ்சிப் பில்டருக்கு அனுப்புகிறது. பில்டரைக் கடந்த டீசலைப் பெரிய பம்ப் அளந்து நாசில்களுக்குச் செலுத்துகிறது. சில வண்டிகளில் சிறிய பம்ப் தனியாக இராது. பெரிய பம்பே உறிஞ்சிக் கொள்ளும். இங்கே முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பம்பைத் தாண்டிய குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசிந்து கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை விழுந்தாலோ, இஞ்சின் ஓடுகையில் வெளியே ஈரம் தெரியாமலே காற்று உள்ளே புகும். ஆகையால், கசிவு காணப்படவில்லை என்பதைக் கொண்டு குழாய் நன்றாயிருக்கிறதென்று தீர்மானிக்கலாகாது.

சோதிக்கும் வரிசை

1. ஸ்டார்ட்டர் சுழலும்போது புகைக்குழாயைக் கவனிக்க. வெண்புகை வந்தால் டீசல் இஞ்சினுக்குள் போகிறதென்று அறியலாம். புகையே இல்லையெனில் பெரும்பாலும் டீசல் சேரவில்லை. மின்சார அடைப்பான் உள்ள பம்பில் சாவி திருப்பும்போது "டிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். கேளாவிடில் முதலில் ஒயரையும் பியூஸையும் பார்க்க.

2. சிறிது தூரம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்து மீண்டும் கிளம்பும் வண்டியில் டாங்கி மூடியைத் தளர்த்துக. காற்றை இழுக்கும் ஓசை கேட்டு, பின்பு வண்டி நன்றாய் ஓடினால், டாங்கிக்குக் காற்று போகும் துவாரம் அடைபட்டிருக்கிறது.

3. பில்டரின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது டீசலைக் கண்ணாடிச் சீசாவில் பிடித்து வைக்க. தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும். தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிடுக. பில்டர் கறுத்து அடைத்திருந்தால் கழுவி உபயோகிக்காமல் புதியது போடுக.

4. காற்றுப் புகுவதாகச் சந்தேகமிருந்தால், பில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸின் இடத்தில், டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் துண்டைத் தற்காலிகமாய்ப் பொருத்துக. அதில் குமிழிகள் ஓயாமல் ஓடினால் அதற்கு முந்திய பாகத்தில் வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், நைந்த வாஷர் ஆகியவற்றைத் தேடுக.

5. பின்னும் ஐயமிருப்பின், சுத்தமான டீசல் நிரம்பிய கேனைப் பில்டருக்கு மேலான உயரத்தில் வைத்து அதிலிருந்து நேரே ஊட்டுக. திரும்பி வரும் குழாயையும் அக்கேனிலேயே விடுக. வண்டி நன்றாய் ஓடினால் குற்றம் டாங்கியிலோ, அதிலிருந்து வரும் குழாயிலோ, சிறிய பம்பிலோதான் இருக்கிறது. பெரிய பம்பைக் கழற்ற அவசியமில்லை.

ஏர் எடுத்தல்

டீசல் தீர்ந்து நின்ற வண்டிக்கும், பில்டர் மாற்றிய வண்டிக்கும் ஏர் எடுத்தாக வேண்டும். பில்டரின் மேல்திருகைத் தளர்த்திக் கை பம்பை அடித்து, நுரையற்ற டீசல் வந்தபின் இறுக்குக. பிறகு பெரிய பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. அதன்பின்னும் இஞ்சின் கிளம்பாவிடில் மெக்கானிக்கை அழைப்பதே உசிதம்.

எச்சரிக்கை

நாசில் குழாயில் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தல் ஆகாது. மிகுந்த அழுத்தத்துடன் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் ஊசி குத்தியது போல் அற்பமாய்த் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம். மேற்சொன்ன முறைகள் யந்திரப் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கே உரியவை. காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,000 மடங்கு வாயு மண்டல அழுத்தத்திற்கும் மேற்படுவதால், அவற்றின் குழாய்களைத் தளர்த்தவே கூடாது.

வருமுன் காத்தல்

வீட்டில் டீசல் வைப்போர் துத்தநாகப் பூச்சுத் தகர டிரம்மைத் தவிர்க்க. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பில்டரை அடைக்கும் வண்டலை உண்டாக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழவழப்புக் குறைவதால் பெரிய பம்ப் சீக்கிரம் தேயும். மாலையில் டாங்கியை நிரப்பி வைத்தால் இரவுக் குளிர்ச்சியில் உள்ளே நீர் கோத்தல் குறையும். பில்டர் மாற்றிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வருவது நலம். பில்டரையும் ஹோஸையும் காலத்தில் மாற்றும் சிறு செலவு, பெரிய பம்பைப் பழுது பார்க்கும் பெருஞ்செலவைத் தடுக்கும்.