மாண்டலினுக்கு மாற்றுச் சாவி

திருவனந்தபுரத்துக்கும் தமிழ் இசைவாணர்களுக்கும் உள்ள தொடர்பு நெடுநாளையது. சுவாதித் திருநாள் மகாராஜா 1829 முதல் 1846 வரை அரசு புரிந்த காலத்தில், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவரது அவையை அலங்கரித்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினை நமது சங்கீதத்துக்கு இசைவித்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். மகாராஜா அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்துச் சிறப்பித்தார். அயல்நாட்டு வாத்தியம் ஒன்று தமிழர் கையில் நமது வாத்தியமாக மாறிய வரலாற்றில் இந்நகருக்கும் பங்கு உண்டு.

அவ்வாறே பிற்காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது மாண்டலின். இத்தாலி நாட்டில் வளர்ந்த இவ்வாத்தியத்தைக் கர்நாடக இசை மேடையில் நிலைநிறுத்தியவர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்து சென்னையில் வாழ்ந்த அவர், ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினை வாசித்து உலகை வியக்கச் செய்தார். அவரது வாசிப்பைக் கேட்டு, நம் பிள்ளைகளும் கற்கட்டும் என்று மாண்டலின் வாங்கிய குடும்பங்கள் உண்டு. பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்றபோது அதையும் உடன் கொண்டு சென்றவர்களும் உண்டு. ஆனால் மரமும் தந்தியும் நன்றாக இருக்க, தலையிலுள்ள சாவி ஒன்று கெட்ட காரணத்தால் வாத்தியம் ஊமையாகி, அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டு, மறுநாள் விஜயதசமியில் பாடம் தொடங்க இயலாமல் மீண்டும் உறையில் இடுவது வருந்தத்தக்கது. இந்நிலைக்குப் பரிகாரம் உண்டா என்பதை இங்கே ஆராய்வோம்.

வீணைக்கும் வயலினுக்கும் உள்ள பிரடைகள் மரத்தால் ஆனவை. துளைக்கும் பிரடைக்கும் இடையே உண்டாகும் உராய்வே தந்தியின் சுருதியைத் தாங்குகிறது. பிரடை தேய்ந்தால் கைதேர்ந்த தச்சர் புதிதாகக் கடைந்து பொருத்திவிடுவார். மாண்டலினின் சாவியோ உலோக யந்திரம். நாம் திருகும் குமிழின் தண்டில் திருகுப்புரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரி ஒரு சிறிய பல்சக்கரத்தைச் சுழற்ற, தந்தி சுற்றிய கம்பம் மெல்லத் திரும்பும். குமிழ் பதினான்கு அல்லது பதினைந்து முறை சுழன்றால்தான் கம்பம் ஒரு முறை சுழலும். சில அமைப்புகளில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். எட்டுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 85 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு இழுத்தபோதிலும், பல்சக்கரத்தால் திருகுப்புரியைப் பின்னோக்கித் திருப்ப முடியாது. சுருதி நிற்பதன் இரகசியம் இதுவே.

இவ்வுலோகத்துக்குப் பகை ஈரமும் உப்பும் ஆகும். திருவனந்தபுரம் கடலை அடுத்த நகரம். இடவப்பாதியும் துலாவருஷமும் ஆகிய இருபெரும் மழைகளை அது ஆண்டுதோறும் காண்கிறது. ஆகவே இரும்புப் புரிகளில் துரு ஏறுவது அங்கே இயல்பு. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்களுக்கும் இது பொருந்தும்.

சாவி திரும்பவில்லை என்றவுடன் அதனைக் கழற்றிவிட வேண்டாம். முதலில் தந்தியைத் தளர்த்திவிட்டு நோயை அறிய வேண்டும். குமிழ் இறுகியிருந்தால், தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளியைப் பற்களில் இட்டு, முன்னும் பின்னும் சில முறை திருப்பிப் பார்க்கலாம். கம்பம் ஆடினால், பல்சக்கரத்தின் நடுவிலுள்ள சிறு திருகாணியை இறுக்கினாலே போதும். சுருதி கூட்டும்போது 'டிக்' என்ற ஒலியுடன் தந்தி குதித்தால், குற்றம் சாவியில் இல்லை. தலைப்பகுதியை ஒட்டிய மேருவின் காடியில் தந்தி சிக்குகிறது என்று பொருள். அக்காடியில் பென்சில் கரியைச் சிறிது தடவினால் தீரும். குமிழ் மட்டும் நொறுங்கியிருப்பின், குமிழை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. பற்கள் தேய்ந்தோ தண்டு வளைந்தோ இருந்தால்தான் மாற்றுச் சாவி தேவைப்படும்.

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. கடைகளில் எளிதில் கிடைப்பவை கிட்டார் சாவிகள். செவ்வியல் கிட்டாரில் பக்கத்துக்கு மூன்று சாவிகள் ஒரே தகட்டில் இருக்கும். கம்பங்களுக்கு இடையே 35 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். மாண்டலினிலோ பக்கத்துக்கு நான்கு. இக்காலத்து மாண்டலின்களில் அவற்றின் இடைவெளி பெரும்பாலும் 23 மில்லிமீட்டர். பழைய வாத்தியங்களில் அளவு மாறுபடும். அளவு தெரியாமல் வாங்கிவந்து, தகட்டுக்கு ஏற்றவாறு தலையைத் துளைத்தால் வாத்தியத்தின் மதிப்பே போய்விடும்.

ஆதலால் கடைக்குச் செல்லுமுன் ஐந்து விவரங்களை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இடைவெளி. முதல் கம்பத்தின் நடுவிலிருந்து நான்காம் கம்பத்தின் நடுவரை அளந்து மூன்றால் வகுக்க வேண்டும். 69 மில்லிமீட்டர் வந்தால் இடைவெளி 23 ஆகும். ஓர் இடைவெளியில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் நான்காம் கம்பத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். இரண்டாவது, கம்பத்தின் விட்டமும் துளையின் விட்டமும். மூன்றாவது, கம்பத்தின் நீளமும் தலைப்பலகையின் கனமும். நான்காவது, திருகுப்புரி இருக்கும் இடம். சிலவற்றில் அது பல்சக்கரத்துக்கு மேற்புறமும், சிலவற்றில் கீழ்ப்புறமும் அமைந்திருக்கும். மாறினால் குமிழைத் திருப்பும் திசையும் மாறிவிடும். ஐந்தாவது, தலையின் வகை. தட்டையான பலகையா, நீள்துளைகள் வெட்டப்பட்டதா என்பதையும், தகட்டின் திருகாணித் துளைகள் எங்கெங்கே உள்ளன என்பதையும் படமாக வரைந்துகொள்வது நலம். ஸ்ரீநிவாஸ் வழியில் ஐந்து தந்தி கொண்ட மாண்டலினாயின், நான்கு சாவித் தகடு பொருந்தாது. தனித்தனிச் சாவிகளே வேண்டியிருக்கும்.

இச்சீட்டு கையில் இருப்பின் தூரம் ஒரு தடை ஆகாது. சென்னை அண்ணா சாலையிலோ, வாத்தியக் கடைகள் வரிசையாக உள்ள கொல்கத்தா லால்பஜார்ப் பகுதியிலோ உறவினர் ஒருவர் விசாரித்து அனுப்பலாம். கணினி வழியாகவும் வரவழைக்கலாம். வாத்தியத்தைச் சுமந்து செல்ல வேண்டிய அவசியம் இல்லை. இடைவெளி சிறிது வேறுபட்டால், நான்கு சாவித் தகட்டை நான்கு துண்டுகளாக அறுத்துத் தனித்தனியே பொருத்தும் உபாயமும் உண்டு. துளை பெரிதாக இருந்தால் உலோக இடைக்குழல் இட்டுச் சரிசெய்யலாம். துளையையே மாற்ற நேர்ந்தால், வாத்திய வேலை அறிந்த தச்சரிடம் ஒப்படைப்பதே முறை.

பொருத்தும்போது ஓர் எச்சரிக்கை. மாண்டலினின் குதிரை ஒட்டப்பட்டதன்று. தந்திகளின் அழுத்தத்தால்தான் நிற்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒருங்கே கழற்றினால் அது இடம் பெயர்ந்து, சுரஸ்தானங்கள் பிசகிவிடும். ஆகவே குதிரையின் இடத்தைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொண்டு, ஒரு பக்கத் தகட்டை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். பழைய திருகாணித் துளை தளர்ந்திருந்தால், தீக்குச்சித் துண்டைப் பசையோடு செருகிக் காயவிட்டு, பிறகு திருகாணியை ஏற்றலாம்.

நல்ல மாண்டலின் ஒன்றுக்கு ஈடான விலை சாவிக்கு இல்லை. ஆயினும் சாவி இன்றி மாண்டலினுக்கு நாதம் இல்லை. வீட்டிலுள்ள வாத்தியம் இன்று நன்றாக ஒலித்துக்கொண்டிருப்பினும், அந்த ஐந்து விவரங்களையும் எழுதி அதன் உறைக்குள் இட்டு வையுங்கள். நாளை அதனை எடுத்து வாசிக்கப்போகும் பிள்ளைக்கு, பெரியோர் விட்டுச்செல்லும் உதவிகளில் அதுவும் ஒன்றாகும்.