தனுஷ்கோடி: அரிச்சல்முனை மணல்திட்டு

இருபுறக் கடல்களும் மணலைக் கொணர்ந்து குவிக்க, இராமேசுவரம் தீவிலிருந்து தென்கிழக்கே ஒடுங்கி நீண்டு அரிச்சல்முனையில் முடியும் இத்திட்டில், மீனவர் ஆண் கடல் என்றழைக்கும் மன்னார் வளைகுடாவின் பேரலைகளையும், பெண் கடல் எனப்படும் பாக் விரிகுடாவின் சாந்தத்தையும் ஒரே இடத்தில் நின்று காணலாம். வாடைக் காலத்தில் இவற்றின் சுபாவம் மாறிவிடுவதும் உண்டு.

1914 முதல் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறிய பிரயாணிகளால் நிறைந்திருந்த தனுஷ்கோடிப் பட்டணம், 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலோடும் அதிலிருந்த பிரயாணிகளோடும் அழிந்தது. எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களை அருகே சென்று பாருங்கள்; பவளக்கற்களின் நுண்ணிய துவாரங்கள் இன்றும் தெளிவாகத் தெரியும்.

சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்திருக்க, மணலில் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறுவதே இவ்விடத்தின் பேராச்சரியம். மணலில் இறங்கிய மழைநீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்பதே அதற்குக் காரணம். மீனவக் குடும்பங்கள் அந்த ஊற்றுகளை நம்பியே இங்கு வாழ்ந்து வந்திருக்கின்றன. ஆகவே ஊற்றுகளின் அருகே குப்பை போடாதீர்கள். முனையில் நீரோட்டம் பலமானது. அங்கே நீராட இறங்க வேண்டாம்.