தோலின் குரல்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்களின் பெயரைச் சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவது தோல் தொழிலே. பாலாற்றுப் பகுதியில் பதனிடப்படும் தோல், காலணியாகவும் கைப்பையாகவும் உருப்பெற்றுக் கடல் கடந்து செல்கிறது. ஆயினும் தோலுக்கு மற்றொரு வாழ்வும் உண்டு. இசைக்கருவியின் முகமாக அமைந்து ஒலிக்கும் வாழ்வு அது. அந்த ஒலி அண்மைக் காலத்தில் ராக் முதலிய மேலைநாட்டு இசைவகைகளோடு கைகோத்து, திரைப்படத்தைச் சாராத இசைத்தொகுப்புகளாக வெளிவந்துள்ளது. பலருடைய செவிக்கு எட்டாத அம்முயற்சிகளைப் பற்றி இங்கே காண்போம்.

முதலில் தோலின் இயல்பை அறிந்துகொள்வது நன்று. ஆவாரம்பட்டை முதலியவற்றின் சாற்றிலோ, குரோமிய உப்புக் கரைசலிலோ ஊறும்போது, தோலின் நார்கள் அப்பொருள்களோடு பிணைந்துவிடுகின்றன. அதனால் தோல் அழுகுவதில்லை. காய்ந்த பின்னும் வளைந்து கொடுக்கிறது. காலணிக்கு ஏற்ற தோல் இதுவே. இசைக்கருவிக்கோ பதனிடாத தோல் வேண்டும். மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்திய பச்சைத்தோல் பலகைபோல் விறைப்பாக நிற்கும், தட்டினால் அதிரும். ஈரக்காற்று பட்டால் அது தளரும். நெருப்பருகே காட்டினால் ஈரம் நீங்கி இறுகும், ஒலியும் உயரும். பறையை வாசிக்கும் முன் தீயில் காய்ச்சுவதன் காரணம் இதுதான்.

பறையின் வட்டச் சட்டம் பெரும்பாலும் வேப்பமரத்தால் ஆனது. அதன்மேல் கன்றின் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியும், மறு கையில் குட்டையான அடிக்குச்சியும் கொண்டு முழக்குவர். இத்துணை நுட்பம் அமைந்த கருவியைச் சமுதாயம் நெடுங்காலம் சாவு வீட்டு வாசலோடு நிறுத்திவைத்தது. தோலைத் தொட்டவரையும் பறையை முழக்கியவரையும் தாழ்ந்தவர் என்றது. தோலால் ஆன செருப்பை அணிந்துகொண்டே அவ்வாறு சொன்னது என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த நிலையை இசையாலேயே எதிர்க்க எழுந்த குழுக்களுள் குறிப்பிடத்தக்கது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து இக்குழுவை உருவாக்கின. சாதி பேதமற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தே இதன் பெயருக்கு மூலம். 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் இதன் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. மேடையில் பறையும் சட்டியும் கட்டமோளமும் மின்கிதாரோடு சரிநிகராக முழங்கின. கானாப் பாடகர்களும் சொல்லிசைக் கலைஞர்களும் ஒருங்கே பாடினர். இட ஒதுக்கீட்டைப் பற்றியும் இவர்கள் பாடினார்கள். கானா பாடும் பெண்கள் அரியராய் இருந்த காலத்தில் இக்குழுவில் பாடிய இசைவாணியை, 2020-ஆம் ஆண்டின் நூறு பெண்களுள் ஒருவராகப் பி.பி.சி. தேர்ந்தெடுத்தது.

இக்குழுவின் பாடலாசிரியர்களுள் ஒருவரான அறிவு, அரக்கோணத்தில் பிறந்தவர். அவ்வூர் 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் இணைந்து 2019-இல் அவர் வெளியிட்ட தொகுப்பு ‘தெருக்குரல்’. திருக்குறளை நினைவூட்டும் அப்பெயரே அதன் நோக்கத்தை உணர்த்துகிறது. தெருவில் வழங்கும் பேச்சுத் தமிழில், தாளத்திற்கு இயைந்த சொல்லடுக்கில், நாட்டு நடப்பை அது வினவுகிறது.

இத்தகைய தொகுப்புகள் ஏன் பரவலாக அறியப்படவில்லை? நம் நாட்டில் பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்னும் எண்ணம் வேரூன்றியிருப்பது முதற்காரணம். திரைப்பாட்டுக்கு நடிகரின் முகமும் கதையின் துணையும் உண்டு. தனியிசைக்குத் தன் குரலைத் தவிர வேறு துணை இல்லை. இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் தோன்றிய ‘ஜோசஃப் கே’ என்னும் ராக் குழு, 1981-இல் ஒரே ஒரு முழுத் தொகுப்பை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே கலைந்தது. அதை வெளியிட்டது கிளாஸ்கோவின் ‘போஸ்ட்கார்டு’ என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனம். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற ‘ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டு’ குழுவினர் அக்குழுவைத் தம் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றினர். அன்று சிலரே கேட்ட இசை, பின்வந்தோர்க்கு விதையாயிற்று.

புகழ் வந்த பிறகும் பெயர் மறைவது உண்டு. 2021 மார்ச் மாதம் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடலை எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாடியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அப்பாடலை அவர் எடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அவருடைய படம் இடம்பெறாதது பெரும் விவாதத்தை எழுப்பியது. கண்டனம் எழுந்த பின்னர் அவ்விதழ் அவரையும் ஓர் அட்டையில் வெளியிட்டது.

படம் ஒன்று விடுபட்டதற்கு இத்தனை வருத்தமா என்று கேட்கத் தோன்றலாம். பறையை இழைத்தவர் யார், முழக்கியவர் யார் என்பதை நூற்றாண்டுகளாக எவரும் எழுதி வைத்ததில்லை. அந்த மரபில் வந்தோர்க்கு இசைத்தொகுப்பு என்பது வெறும் பொழுதுபோக்கன்று. தம் பெயரைத் தாமே பதித்துக்கொள்ளும் ஆவணம். ஆகவே மாணவர்கள் இத்தகைய தொகுப்பைக் கேட்க நேர்ந்தால், ஒரு பாட்டோடு நிறுத்தாமல் முதலிலிருந்து இறுதிவரை வரிசையாகக் கேட்க வேண்டும். எழுதியவர், இசைத்தவர், தோற்கருவியை முழக்கியவர் ஆகியோரின் பெயர்களையும் தேடிப் படிக்க வேண்டும். பாடலைப் போற்றுவதோடு பாடியவரையும் அறிந்து மதிப்பதே நல்ல கேள்வியின் இலக்கணமாகும்.